சும்மா பாத்துக்கொண்டிருக்கிறன்

"அம்மப்பா, நீங்கள் பதாந்தேயா இருந்தனீங்களோ?" என்று பேத்தி கேட்டாள். பலெர்மோவில் பிறந்து, இங்கேயே ஐந்தாம் வகுப்புப் படிக்கிறவள். வீட்டுப் பெரியவர்கள் செய்த தொழிலைப் பற்றி ஒரு பக்கம் எழுதிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார்கள். கேட்கும்போது குரலை ஒரு படி இறக்கிக்கொண்டாள். அந்த இறக்கம் எனக்குப் புதிதல்ல. இத்தாலியில் 'பதாந்தே' என்றால் வயது போனவர்களோடு அவர்கள் வீட்டிலேயே தங்கி அவர்களைப் பார்த்துக்கொள்கிற கூலியாள். அநேகமாகப் பெண். அநேகமாக வெளிநாட்டுக்காரி. ஆண் ஒருவன் அந்த வேலை செய்தான் என்பதை ஊரில் கலியாணம் பேசப் போகிற இடத்தில் யாரும் முதல் வரியாகச் சொல்ல மாட்டார்கள்.

"ஓம். அஞ்சு வருஷம். ஒரு லத்தீன் வாத்தியாரை" என்றேன்.

கொப்பியை எட்டிப் பார்த்தால் பிள்ளை 'அஸ்ஸிஸ்தெந்தே ஃபமிலியாரே' என்று எழுதி வைத்திருக்கிறாள். குடும்ப உதவியாளர். மரியாதையான பெயர்தான், பத்திரங்களில் அப்படித்தான் போடுகிறார்கள். வெட்டிவிட்டு பதாந்தே என்றே எழுதச் சொன்னேன். ஏன் என்று கேட்டாள். சொல்லத் தொடங்கினேன், பாதியில் அவளுக்கு நித்திரை வந்துவிட்டது. மிச்சத்தை இங்கே எழுதுகிறேன்.

நான் மானிப்பாய்க்காரன். 1988இல் இத்தாலிக்கு வந்தேன். 1990இல் மார்தெல்லி சட்டம் வந்தபோது, அதுவரை ஒளித்துத் திரிந்த எங்கள் ஆட்கள் பலருக்குப் போல எனக்கும் பேப்பர் கிடைத்தது. பலெர்மோவில் பல்லாரோ சந்தையைச் சுற்றித் தமிழர்கள் குடியேறிய காலம் அது. சந்தையில் கத்தரிக்காயும் மீனும் கூவி விற்கிற சத்தம் நம்மூர்ச் சந்தையையே மிஞ்சும். பெல்லெக்ரினோ மலைக் குகைக்கோயிலில் இருக்கும் சாந்தா ரொசாலியாவிடம் சைவக்காரரான நாங்களும் கற்பூரம் இல்லாத குறையோடு போய்க் கும்பிட்டோம், இன்றைக்கும் போகிறோம். வேலை என்றால் வீடு கூட்டுதல், சமைத்தல், படி கழுவுதல். அந்த நாட்களில் எங்களுக்குப் பதாந்தே என்ற பெயர்கூட இல்லை. இலங்கையிலிருந்து வந்த எல்லோரையும் இந்த நாட்டில் 'சிங்கலேஸே' என்றுதான் சொல்வார்கள். சிங்களவன் என்று பொருள். எதற்குத் தப்பி வந்தேனோ அந்தப் பெயரையே நெற்றியில் ஒட்டிக்கொண்டு பதினொரு வருஷம் மாடிப்படி கழுவினேன். முதலில் கோபம் வந்தது. பிறகு சிரிப்பு வந்தது. பிறகு ஒன்றும் வரவில்லை.

1999இல் புரொபெஸ்ஸோரேயின் வீட்டுக்குப் போனேன். லிபெர்தா வீதியில், மூன்றாம் மாடி, வீதியோர மரங்களின் உச்சி தெரிகிற பால்கனி. லத்தீனும் கிரேக்கமும் படிப்பித்து ஓய்வு பெற்றவர். மனைவி இல்லை. மகள் மிலானோவில். பார்க்கின்சன் நோய் கையில் தொடங்கிக் காலுக்கு இறங்கிக்கொண்டிருந்தது. முதல் நாள் அவர் என்னை 'லெய்' என்று விளித்தார். இத்தாலியனில் 'தூ' என்றால் நீ, 'லெய்' என்றால் நீங்கள். அதுவரை நான் வேலை செய்த வீடுகளில் எல்லாம் எனக்குத் தூ; அவர்களுக்கு மட்டும் என் வாயிலிருந்து லெய் வரவேண்டும். இவர் கடைசி நாள்வரை லெய்யை விடவில்லை. இதைச் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. நான் எழுதப் போகிற வினைச்சொல்லை ஏவலில் சொன்னால் 'நீ'க்கு ஒரு வடிவம், 'நீங்கள்'க்கு இன்னொரு வடிவம். மற்ற வீடுகளில் என் காதில் விழுந்தது 'பாதா!' இவர் வீட்டில் 'பாதி.' ஒரு உயிரெழுத்துத்தான் வித்தியாசம். அந்த ஒரு எழுத்துக்காக நான் அங்கே சம்பளம் குறைவாகவே வேலை செய்திருப்பேன். நல்லகாலம், அதை அவருடைய மகளிடம் சொல்லவில்லை.

சொல் இதுதான்: பதாரே. பஸ் என்னும்போது வருகிற ப. பாதையில் வருகிற த. அழுத்தம் நடுவில், ப-தா-ரே. பதாந்தே என்பது அந்த வினையிலிருந்து வந்த எச்சம்: பதாரே செய்துகொண்டிருக்கிறவர்.

கவனித்தல், பார்த்துக்கொள்ளுதல் என்று அகராதியில் இருக்கும். ஆனால் தமிழன் ஒருவனுக்கு இந்தச் சொல்லைப் பழக அகராதி தேவையில்லை என்று எனக்குச் சீக்கிரமே பிடிபட்டது. நம்முடைய 'பார்' எங்கெல்லாம் போகிறதோ அங்கெல்லாம் இதுவும் போகிறது. கலியாண வீட்டில் தகப்பன் 'சென்ஸா பதாரே ஆ ஸ்பேஸே' விருந்து வைத்தான் என்பார்கள், செலவு பாராமல். அடுத்த வீட்டுச் சண்டையில் மூக்கை நுழைக்கிறவனுக்கு 'பாதா ஐ ஃபாத்தி துவோய்'. உன்ர அலுவலைப் பார். சுட்டுவிரலை நீட்டிப் 'பாதா!' என்று மட்டும் சொன்னால் மிரட்டல். பிறகு என்ன நடக்கும் எண்டு பாத்துக்கொள். யாராவது மரியாதைக் குறைவாக ஏதும் சொல்லிவிட்டால் புரொபெஸ்ஸோரே என்னிடம் 'நொன் சி பாதி' என்பார், அதையெல்லாம் பாராட்டாதீங்கள். சிசிலிப் பேச்சில் முன்னால் ஓர் அகரம் போட்டு 'அப்பதாரி' ஆக்கிவிடுவார்கள். தாந்தேயே தன் காவியத்தில் இந்த வினையைக் 'கவனி' என்ற பொருளில் எடுத்தாண்டிருக்கிறார். ஆக, 700 வருஷமாக ஓடித் தேய்ந்த சொல்.

ஓரிடத்தில் மட்டும் தமிழோடு ஒத்துப்போகாது. நாம் அப்பாவைப் பார்த்துக்கொள்கிறோம், இரண்டாம் வேற்றுமை. அவர்கள் அப்பா'வுக்கு'ப் பதாரே செய்கிறார்கள். 'பதாரே அல் பாத்ரே.' ஆடுமாட்டைச் சொல்லும்போது அந்தக் 'கு' இல்லாமலும் சொல்லலாம், மனிதருக்கு அது வேண்டும் என்று புரொபெஸ்ஸோரே ஒருநாள் இலக்கணம் சொன்னார். சொல்லிவிட்டுத் தன்னைத் தானே ஏறிட்டுப் பார்த்து, "நான் இன்னும் ஆட்டு நிலைக்கு வரவில்லை" என்றார்.

இனி என் பிழையைச் சொல்லவேண்டும்.

நான் வேலைக்காரன் மகன். கை சும்மா இருந்தால் உடம்பு கூசும். அந்த வீட்டில் முதல் ஒரு வருஷம் நான் மினுக்காத பொருள் இல்லை. கதவுக் கைப்பிடி, பித்தளை விளக்கு, புத்தக அலுமாரியின் தலை, பால்கனிக் கம்பி. மகள் மிலானோவிலிருந்து வந்தால் தரையில் முகம் பார்க்கலாம் என்று புகழுவாள். எனக்கும் உள்ளுக்குள் பெருமை. தருகிற காசுக்கு மேலாக உழைக்கிறேன் என்ற பெருமை. 2000ஆம் ஆண்டு வைகாசி மாதம் ஒருநாள் பின்னேரம். புரொபெஸ்ஸோரே கதிரையில் இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு நான் பால்கனிக் கண்ணாடியைப் பழைய பேப்பரால் துடைத்துக்கொண்டு நின்றேன். கண்ணாடியில் ஒரு சிறு புள்ளி போகமாட்டேன் என்று அடம்பிடித்தது. அதை நகத்தால் சுரண்டிக்கொண்டிருக்கும்போது பின்னால் சத்தம் கேட்டது. பார்க்கின்சன் காரருக்கு எழும்பி முதல் அடி வைப்பதுதான் கண்டம்; கால் தரையில் ஒட்டிக்கொள்ளும், உடம்பு மட்டும் முன்னே போகும். நான் மினுக்கிய தரையில் அவர் கிடந்தார். மணிக்கட்டு முறிந்திருந்தது.

மகளிடம் அவர் போனில் சொன்னது: "நானாகத்தான் விழுந்தேன். அந்த மனிதர் என் பக்கத்திலேயே நின்றார்." பொய். எனக்காகச் சொன்ன பொய். அன்று இரவு நான் சாப்பிடவில்லை.

அடுத்த நாள் காலை, மாவுக்கட்டுப் போட்ட கையோடு, அலுமாரியிலிருந்து சொற்பிறப்பு அகராதியின் முதல் தொகுதியை எடுத்துவரச் சொன்னார். கோர்த்தெலாஸ்ஸோ, ஸோல்லி என்ற இருவர் தொகுத்த ஐந்து தொகுதி. நான் எத்தனையோ தரம் தூசு தட்டியிருக்கிறேன், ஒருநாளும் திறந்ததில்லை. பதாரே இருக்கிற பக்கத்தைப் புரட்டச் சொன்னார். "இந்தச் சொல் எதிலிருந்து வந்திருக்கும் என்று நினைக்கிறீங்கள்?" என்று கேட்டார். வகுப்பில் கேட்பதுபோல, வேண்டுமென்றே பேசாமல் காத்திருந்தார்.

எனக்கென்ன, தமிழ்ப் புத்தி. பார்த்துக்கொள்ளுதல் பார்வையிலிருந்துதானே வரும். "கண்" என்றேன்.

"வாய்" என்றார்.

பிற்கால லத்தீனில் 'பதாரே' என்று ஒரு வினை இருந்தது. நடுவில் வல்லோசைத் தகரம், அது இத்தாலியனில் மெலிந்துவிட்டது. சிசெரோவும் வெர்ஜிலும் எழுதிய லத்தீனில் இல்லாத சொல். தெருவில் பேசியவர்களின் சொல். வாயைப் பிளத்தல் என்று அதற்குப் பொருள். 'ப' என்று உதடு திறக்கிறதே, அந்தச் சத்தத்திலிருந்தே பிறந்திருக்கலாம் என்கிறார்கள். வாயைத் திறந்தபடி நிற்கிறவன் என்ன செய்கிறான்? எதையோ பார்த்து அப்படியே நின்றுவிட்டான். அங்கிருந்து 'சுணங்கி நிற்றல்' என்ற பொருள் வந்தது. பழைய இத்தாலியனில் பதாரே என்றால் நேரம் போக்குவது, தாமதிப்பது. சுணங்கி நிற்கிறவன் காத்துக்கொண்டு நிற்கிறான். காத்துக்கொண்டு நிற்கிறவனின் கண் ஓரிடத்தில் இருக்கிறது. அப்படியே கவனித்தலுக்கு வந்து, கடைசியில் ஆட்டையும் பிள்ளையையும் கிழவனையும் காத்தலில் வந்து நின்றது. அயல் மொழிகளில் அந்தப் பழைய வாய் இன்னும் மூடவில்லை என்றார். கத்தலான் மொழியில் 'பதார்' என்றால் இன்றைக்கும் வாய் பிளந்து நிற்பதுதான். பிரெஞ்சுக்காரர் சும்மா நிற்கிறவனைக் காகங்களைப் பார்த்து வாய் பிளக்கிறான் என்று சொல்வார்கள். அதில் வரும் வினையும் இதே வேர்.

இத்தாலியனுக்குள்ளேயே இதன் உறவுக்காரர் உண்டு. 'ஸ்பதில்யாரே', கொட்டாவி விடுதல். 'ஸ்பதாத்தோ', கவனமில்லாதவன், பதாரே இல்லாதவன். 'தெனேரே ஆ பாதா' என்றால் எதிராளியைக் கிட்டே விடாமல் தள்ளி நிறுத்தி வைத்தல். அவனை வாய் பிளந்தபடி காத்து நிற்கவைப்பது என்று பொருள் விரித்தார். வைத்தியர்கள் அவருடைய நடுக்கத்தைப் பற்றி அப்படித்தான் சொல்வார்கள். மாற்ற முடியாது, ஆ பாதா வைத்திருக்கலாம். லெவோதோபா குளிசையை நேரம் தவறாமல் கொடுக்கவேண்டும். இறைச்சி, பாற்கட்டி போன்ற புரதச் சாப்பாட்டோடு கொடுத்தால் சரியாக ஏறாது. நடுக்கம் வாசலில் நிற்கும், குளிசை அதை உள்ளே விடாமல் பிடித்து நிற்கும், நான் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். 'பதேஸ்ஸா', மடத்துத் தலைவி, இந்தக் குடும்பமா என்று கேட்டேன். இல்லையாம், அது வேறு வீட்டுப் பிள்ளை, முகச்சாடை மட்டும்தான்.

அன்று நான் அவருக்குக் கொடுத்ததும் ஒன்று இருந்தது. எங்களூரில் வேலையை விட்டுவிட்டு ஆவென்று நிற்கிற பிள்ளையை "என்னடா பிராக்குப் பாக்கிறாய்?" என்று தாய் தலையில் குட்டுவாள். எழுத்தில் பராக்கு, கவனமின்மை. ஆனால் அரசன் வரும்போது கட்டியக்காரன் முன்னால் வந்து கூவுவதும் "பராக்கு! பராக்கு!" தான். அங்கே அதற்குப் பொருள் 'கவனம்.' கவனம் இல்லாததற்கும் கவனத்துக்கும் ஒரே சொல். இதைச் சொன்னபோது அவருடைய முகம் அசையவில்லை. நோய் முகத்தைப் பலகையாக்கியிருந்தது. கண் மட்டும் பளிச்சென்றது. முறியாத கையால் குறிப்புப் புத்தகத்தை எடுக்கச் சொல்லி, எறும்பு ஊர்ந்ததுபோன்ற எழுத்தில் பராக்கை எழுதிக்கொண்டார். இன்னொருநாள் கொன்ஸ்தான்ஸோ பெஸ்கியைப் பற்றிச் சொன்னேன். மாந்தோவாவுக்குக் கிட்டே காஸ்திலியோனேயில் 1680இல் பிறந்து, தமிழ்நாட்டுக்குப் போய் வீரமாமுனிவராகி, 1732இல் சதுரகராதி செய்தவர் என்று. புரொபெஸ்ஸோரே கேள்விப்பட்டதே இல்லை. இத்தாலியன் ஒருவன் தமிழுக்கு அகராதி எழுதியிருக்கிறான், நான் மானிப்பாயிலிருந்து வந்து இங்கே அகராதிக்குத் தூசு தட்டுகிறேன். கணக்கு இன்னும் நேராகவில்லை என்றேன். அன்றைக்கு அவர் தொண்டையில் சிரிப்பு மாதிரி ஒரு சத்தம் வந்தது.

அதற்குப் பிறகு நான் மினுக்குவதைக் குறைத்தேன். அவருடைய கதிரைக்கு எதிரே இன்னொரு கதிரையைப் போட்டேன். முதல் சில கிழமைகள் சித்திரவதை. ஒரு மனிதன் நித்திரை கொள்வதைப் பார்த்துக்கொண்டு இருப்பதற்குக் கூலியா என்று மனம் குத்தும். எழும்பிப் போய் ஏதாவது ஒரு பாத்திரத்தையாவது கழுவச் சொல்லும். உட்கார்ந்தே இருந்தேன். பொறுத்திருந்தபோது ஒவ்வொன்றாகத் தெரியத் தொடங்கியது. எழும்ப நினைக்கும்போது வலதுகைப் பெருவிரல் கதிரைக் கையை இரண்டு தரம் தேய்க்கும். அதற்குப் பிறகு நான் எழும்பினால் போதும், அவர் விழமாட்டார். தாகம் எடுத்தால் ஜன்னலைப் பார்ப்பார். பயம் வந்தால் லத்தீன் வரும். இதெல்லாம் எந்த வைத்தியரும் எழுதித் தராதது. மகளுக்கும் தெரியாது, அவள் வருகிற இரண்டு நாளும் ஓடி ஓடி வேலை செய்வாள், பாவம், முன்பு நான் செய்ததுபோலவே. இத்தாலியனில் பராமரிப்புக்கு வேறு நல்ல சொற்கள் உண்டு. 'குராரே' குணமாக்குவது, அது வைத்தியரின் சொல். 'அஸ்ஸிஸ்தெரே' பக்கத்தில் நிற்பது, அது தாதியின் சொல், பத்திரத்தின் சொல். இரவில் கண்விழித்திருப்பதற்கு 'வெல்யாரே'. இவை எதிலும் சும்மா இருத்தல் இல்லை. பதாரேயில்தான் இருக்கிறது, வேரிலேயே.

இரவு மூன்று மணிக்கு இருவருக்கும் நித்திரை வராது. அவர் கொட்டாவி விடுவார், உடனே எனக்கும் வரும், பிறகு திரும்ப அவருக்கு. "இப்போதுதான் நாங்கள் இருவரும் சொல்லின் அடிவாரத்தில் நிற்கிறோம்" என்றார் ஒரு தரம்.

2002இல்தான் பதாந்தே என்ற பெயர் தெருவுக்கு வந்தது. பழைய சொல்தான், ஆனால் அந்த வருஷம் பொஸ்ஸி, ஃபினி என்ற இரு அமைச்சர்களின் பெயரால் வந்த குடிவரவுச் சட்டம் வெளிநாட்டவரை இறுக்கிப் பிடித்தபோதே, வீட்டு வேலைக்காரருக்கும் கிழவர்களைப் பார்க்கிறவர்களுக்கும் மட்டும் ஒரு கதவைத் திறந்து வைத்தது. பிறகு மற்றத் தொழிலாளருக்கும் திறந்தார்கள். கிட்டத்தட்ட 7 லட்சம் விண்ணப்பங்கள் போயின. பேப்பரிலும் தொலைக்காட்சியிலும் பதாந்தே, பதாந்தே என்று ஒரே முழக்கம். முதியவர்கள் நிறைந்த நாடு. இன்றைக்குக் கிட்டத்தட்ட நாலு பேரில் ஒருவருக்கு 65 வயதுக்கு மேல். எங்களை அனுப்பிவிட்டால் அவர்களுக்கு யார் தண்ணி பருக்குவது? பேப்பரை நான் உரக்க வாசிக்க, புரொபெஸ்ஸோரே கேட்டுக்கொண்டிருந்தார். அந்தச் சொல்லைச் சிலர் இழிவாக நினைக்கிறார்கள், ஆட்டையும் வீட்டையும் காக்கிற சொல்லை மனிதருக்குப் போடுகிறார்கள் என்று குறைப்படுகிறார்கள் என்று ஒரு கட்டுரை. "உங்களுக்குப் பிடிக்கவில்லையா?" என்று கேட்டார். சிங்கலேஸேயைவிட எவ்வளவோ மேல் என்றேன்.

இவ்வளவும் விளங்கிய மனிதன் தன் தாய் விஷயத்தில் என்ன செய்தான் என்பதையும் எழுதாவிட்டால் இந்தக் கட்டுரை பொய்யாகிவிடும்.

அம்மா மானிப்பாயில் தனியே இருந்தா. 1995 இடம்பெயர்வில் தென்மராட்சிக்கு நடந்துபோய், அடுத்த வருஷம் திரும்பி வந்து, கூரை போன வீட்டுக்குக் கூரை போட்டு இருந்தா. தங்கச்சி கொழும்பில். 2002இல் சமாதானம் என்று ஏ9 பாதை திறந்த பிறகு அம்மாவுக்கு ஒரு ஆளை ஒழுங்குசெய்தோம். பக்கத்து வளவில் இருந்த பெண். புருஷன் இல்லை, இரண்டு சின்னப் பிள்ளைகள். மாசா மாசம் நான் அனுப்புகிற காசு அவவுக்குப் போகும். ஒரு வீட்டில் நான் பதாரே செய்து வாங்கிய கூலியில் ஒரு பங்கு, இன்னொரு வீட்டில் பதாரே செய்யக் கூலியாகப் போனது. அவவுடைய பிள்ளைகளை அந்த நேரத்தில் யார் பார்த்தார்கள் என்று அப்போது எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

தங்கச்சி ஒருமுறை போய்விட்டு வந்து போனில் சொன்னாள்: "அண்ணை, அவள் ஒண்டும் செய்யிறேல்லை. முற்றத்தில இலை குமிஞ்சு கிடக்கு. விறாந்தையில குந்தி இருந்து பிராக்குப் பாக்கிறாள். நாங்கள் காசைச் சும்மா குடுக்கிறம்."

எனக்குச் சுர்ரென்று வந்தது. ஐயாயிரம் மைலுக்கு இந்தப் பக்கம், எதிர்க் கதிரையில் ஒரு கிழவர் நித்திரை கொள்வதைப் பார்த்துக்கொண்டு குந்தி இருந்தவன் நான். அந்தப் பெண்ணுக்குப் போன் போட்டு ஏசினேன். "என்ன பிள்ளை செய்யிறீர் அங்கை நாள் முழுக்க?" என்று கேட்டேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு சொன்னா: "ஒண்டுமில்லை அண்ணை. சும்மா பாத்துக்கொண்டிருக்கிறன்." வளவு கூட்டு, கிணற்றடியைக் கழுவு, யன்னலைத் துடை என்று ஒரு பட்டியல் சொன்னேன். யன்னலைத் துடை என்றேன். அது என் வாயிலிருந்துதான் வந்தது.

2003 மார்கழியில் அம்மாவுக்கு நெஞ்சில் சளி கட்டியது. புரொபெஸ்ஸோரேயும் அப்போது கடைசிக் கட்டத்தில். வெறும் தண்ணீர் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும் என்று, கெட்டியாக்குகிற தூள் போட்டுக் கரண்டியால் பருக்கவேண்டும். வேறு யாரும் பருக்கினால் வாயை இறுக்கி மூடிக்கொள்வார். டிக்கெட்டுக்குக் காசு இருந்தது. பாதையும் திறந்திருந்தது. இன்னும் இரண்டு கிழமை, இன்னும் ஒரு கிழமை என்று நான் போகவில்லை. அந்தக் கிழவரில் வைத்த அன்பா, சம்பளமா என்று கேட்டால் இரண்டும்தான். தை மாதம் அம்மா போய்விட்டா. செத்தவீட்டை நான் தங்கச்சியின் போனில் கேட்டேன். ஏழு கிழமை கழித்து அவரும் போனார். கடைசி நாட்களில் அவருடைய வாய் திறந்தபடியேதான் இருந்தது. தாடையைத் தூக்கி மூடுகிற பலம் தசைக்கு இல்லை. பக்கத்தில் இருந்தேன். எனக்கு அந்தச் சொல் ஞாபகம் வந்தது, அவருக்கும் வந்திருக்கும் என்று நினைக்கிறேன். கேட்க முடியவில்லை.

அந்த வருஷம் நல்லூர்த் திருவிழாக் காலத்தில் ஊருக்குப் போனேன். அந்தப் பெண் வந்தா. வெறுங்கையோடு வரக்கூடாது என்று ஒரு சீப்புக் கதலி வாழைப்பழம். வளவெல்லாம் துப்புரவாக இருந்தது, யன்னல் கண்ணாடிகள் பளிச்சென்று இருந்தன. நான் சொன்னதெல்லாம் செய்திருக்கிறா. மன்னிப்புக் கேட்கத்தான் கூப்பிட்டேன், ஆனால் எப்படித் தொடங்குவது என்று தெரியாமல், அம்மாவின் கடைசி நாள் எப்படிப் போனது என்று கேட்டேன்.

விறாந்தையில் அம்மாவின் சாய்மனைக் கதிரை அப்படியே கிடந்தது. அதற்கு நேரே தரையில், தூணோடு, சிமெந்து மினுங்கிப் போன ஒரு இடம். அதில் அவ குந்தினா. பழகிய இடத்தில் ஆள் தானாக உட்காருவதுபோல.

"விடிய ரெண்டு வாய் கஞ்சி குடிச்சவ, அண்ணை. பிறகு உந்த முருங்கையில அணில் ஓடித் திரிஞ்சது. ஆச்சி அதைப் பாத்துக்கொண்டு இருந்தா."

"நீர்?"

"நான் ஆச்சியைப் பாத்துக்கொண்டு இருந்தன்."